அத்தர்க் கடையில் ஒரு லேஸ் தலையணை

அத்தர் வாங்க யாராவது படியேறினால் முகைதீன் பிச்சை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். கும்பிடு என்று நினைத்துவிட வேண்டாம். "கையில எண்ணெ படப்படாது. அந்தக் குப்பிய நீங்களே தொறந்து மோந்து பாத்துக்கங்க" என்று அர்த்தம். வந்தவர் தாமே திறந்து, முகர்ந்து, மூடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவருடைய கண் மடியிலிருக்கும் தலையணையை விட்டு எழாது. அத்தர் பட்ட விரலால் தொட்டால் வெள்ளை நூல் மஞ்சளாகிவிடுமாம். அத்தர் விற்றுக்கொண்டே அத்தரைத் தீண்டாமல் வாழ்கிற வியாபாரி மதுரை தெற்குவாசலில் இவர் ஒருவர்தான்.

தலையணை என்றால் தலைக்கு வைப்பதல்ல. உருண்டையாக, திண்டு மாதிரி, தட்டினால் கை வலிக்கும் கெட்டியில் இருக்கும். அதன்மேல் துளைபோட்ட அட்டை ஒன்று. துளைக்குத் துளை குண்டூசி. ஊசிகளிலிருந்து இறங்கும் ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்தில் ஒரு மரக்கட்டை. கட்டைகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று போட்டு, முறுக்கி, ஊசி குத்தி நிறுத்தினால் லேஸ் வளரும். வளர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அது வளர்வதைத் தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அவர் மனைவி ஜெயினம்புவுக்கும் பக்கத்து வீட்டுக்காரியான எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதனால் இந்த வித்தை அந்த வீட்டுக்குள் புகுந்த விதம் எனக்குத் தெரியும். பசுமலையில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, ஊருக்குக் கப்பலேறுமுன் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டாள். இவருக்குக் கழுத்துவலி. உறைபோட்டிருந்த ஒன்றைச் சீமைத் தலையணை என்று நம்பி, போட்டி போட்டு எடுத்துவிட்டார். ஜட்காவில் வரும்போதே ஆசையாகச் சாய்ந்தாராம். பிடரியில் ஊசிகள் ஏறிய பிறகுதான் உறையைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது. கடைத்தெரு கூடிச் சிரித்தது. இவர் பிடரியைத் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "தெரிஞ்சுதான்யா எடுத்தேன். லேஸ் போடப் போறேன்."

அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். சீமாட்டி கிளம்புமுன் பசுமலைக்கு ஓடி ஓடிப் பாடம் கேட்டார். அவளுடைய தமிழும் இவருடைய அவசரமும் சேர்ந்ததில், குறுக்கே போடுவதும் முறுக்குவதும் கிடைத்தன. மற்றதையெல்லாம் இவரே கண்டுபிடித்தார். மற்றது என்றால் பிழைகள்.

ஆனால் சாமான் சேர்ப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. தொட்டில்கால் கடைகிறவரிடம் கருங்காலியில் ஒரு வரிசைக் கட்டை, சந்தனத்தில் ஒரு வரிசைக் கட்டை கடைந்து வாங்கினார். கனம் போதவில்லை என்று அடியில் பாசிமணி கோத்தார். மணி உருள்கிறது என்று அவிழ்த்தார். இரும்புக் குண்டூசி மதுரை வேர்வைக்குத் துருவேறி நூலைக் கறையாக்க, கொழும்பிலிருந்து பித்தளை ஊசி வரவழைத்தார். பழைய தலையணை போதாதென்று இலவம்பஞ்சில் புதிதாக ஒன்று தைத்துப் பார்த்தார். பஞ்சு ஊசியைப் பிடிக்குமா? பிரசங்கத்தில் தூங்கிவிழுகிறவர்களைப் போல ஊசிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன.

கடைசியில் வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி கருத்தக்கண்ணன் வண்டியில் வைக்கோல் கொண்டுவந்தபோது, அதைப் பொடியாக நறுக்கித் தரும்படி கேட்டார். "மாட்டுக்கா அண்ணே?" என்றார் கருத்தக்கண்ணன். மாட்டுக்கில்லை, லேசுக்கு என்றார் இவர். "அது எம்புட்டுத் திங்கும்?" என்று கருத்தக்கண்ணன் கேட்டார். கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை என்று ஜெயினம்பு இன்றைக்கும் சொல்வாள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மகள் ஷரீபாவை வாடிப்பட்டியில் இருக்கும் தம் அக்கா சுல்தான் பீவியின் மகனுக்கே நிச்சயம் செய்தார்கள். பேச்சுவாக்கில் சுல்தான் பீவி, இந்தத் தலையணையில் என்னதான் செய்கிறாய் தம்பி என்று விசாரித்துவிட்டாள். சபை நிறைய ஆட்கள். மணப்பெண் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டிக்கு நாலு ஓரமும் தன் கை லேஸ்தான் என்று இவர் அறிவித்தார். ஜெயினம்பு வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். துப்பட்டியின் சுற்றளவு அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து மனிதர் நிஜமாகவே வேலை செய்தார் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் கட்டைகள் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றுபோனால் பிரிக்கிறார் என்று பொருள். ஒரு முறுக்கு விட்டுப்போனால் வரிசைகள் பல கடந்த பிறகுதான் அது பல்லை இளிக்கும். ஊசிகளைப் பிடுங்கி, வந்த வழியே திரும்புவார். பிரித்த நூல் அழுக்காகிவிடும். புது நூல் சுற்றி மறுபடி தொடங்குவார். வெறும் துப்பட்டியே போதும் அத்தா என்று ஷரீபா ஒருநாள் சொன்னாள். அன்று விடியும்வரை கட்டைச் சத்தம் ஓயவில்லை. கல்யாணம் நெருங்கியபோது அவருடைய சட்டை தொளதொளத்தது. லேஸ் ஒரு சாண் ஆகியிருந்தது.

ஜெயினம்பு என்னையும் கூட்டிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போய் மில் லேஸ் வாங்கிவந்தாள். அவர் கடையில் இருக்கும் பகல்பொழுதில், என் வீட்டில் வைத்தே துப்பட்டியில் தைத்து முடித்தாள். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இதென்ன ஏமாற்று என்று கேட்டேன்.

"அவுக போட்டதுன்னே இருக்கட்டும்க்கா" என்றாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "சபையில அவுகள நிக்கவச்சுச் சிரிக்க விடமுடியுமா?"

நிக்காஹ் முடிந்ததும் உள்கட்டில் பெண்கள் சூழ்ந்துகொண்டோம். சுல்தான் பீவி துப்பட்டியை விரித்து, ஓரம் முழுக்க விரலை ஓட்டி, வாடிப்பட்டிப் பெண்களுக்கெல்லாம் காட்டினாள். தன் தம்பியின் கைவேலை என்று பெருமைப்பட்டாள். தம்பியையே உள்ளே வரச் சொல்லி அனுப்பினாள்.

முகைதீன் பிச்சை வந்தார். துப்பட்டியை அப்போதுதான் பார்க்கிறார். குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரலால் தடவினார். ஜெயினம்பு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஆமென்று தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். ஏலத்தன்று சிரித்த கடைத்தெரு முழுவதற்கும் அது பதிலாகிவிடும்.

"அக்கா, இதுல ஒரு எடத்துலகூடத் தப்பில்ல" என்றார். "இது என் கைவேலை இல்ல."

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த ஒரு சாண் லேஸை எடுத்து நீட்டினார். சுல்தான் பீவி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஆரம்பத்தில் அகலம், முடிவில் ஒடுக்கம், நடுவில் ஓர் ஓட்டை. இது எதற்கு ஆகும் என்று கேட்டாள்.

"துப்பட்டிக்குத்தான். மிச்சம் வந்துக்கிட்டிருக்கு."

வாடிப்பட்டிப் பெண்கள் சிரித்தார்கள். ஜெயினம்புவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொய் சொல்வானேன், நானும்தான். ஷரீபா சிரிக்கவில்லை. மருதாணிக் கையை நீட்டி மாமியிடமிருந்து அந்தத் துண்டை வாங்கினாள். புடவை முந்தானையின் முனையில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டாள்.

முகைதீன் பிச்சை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இம்புட்டு இறுக்கி முடிஞ்சா நூல் கசங்கும்மா" என்று சொல்லி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தால் அந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.