கிரகணமும் ஒரு ஜோடி ஷூவும்

1966 அக்டோபர் 15, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. பம்பாய் மாட்டுங்காவில் ஒரு டாக்டரின் அறை. அக்கா, அத்திம்பேர், அவர்களுடைய மூன்று வயது மகன் ராமு. கூடவே, அவர்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான்.

நான் செம்பூருக்குக் குடிபெயர்ந்த பிறகு, சென்ற வாரம்தான் நான் போன பஸ் அந்தக் கட்டடத்தைக் கடந்தது. அந்த மாலை அப்படியே திரும்பி வந்துவிட்டது.

ராமுவுக்கு அடிக்கடி வலிப்பு வரும். இடது கையில் இலை வடிவில் ஒரு வெள்ளைத் திட்டு. அதன் காரணத்தில் அக்காவின் மாமியாருக்குச் சந்தேகமே கிடையாது.

“கிரகணத்தன்னிக்கு வாசல்ல நின்னிருப்பா. கர்ப்பிணி நிக்கலாமோ?”

“நிக்கலைம்மா” என்று அக்காவும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். யார் நம்பினார்கள்? புழுங்கும் அக்டோபரிலும் ராமுவுக்கு முழுக்கைச் சட்டை — திட்டு நாலு பேர் கண்ணில் படக்கூடாதே!

டாக்டர் பெற்றோரையும் சோதிக்க வேண்டும் என்றார். அக்காவிடம் ஒன்றுமில்லை.

“நீங்க ஷூவைக் கழட்டுங்கோ.”

“நோயாளி அவன்தான், டாக்டர். நான் வெறும் பஸ் சார்ஜ் கொடுக்கறவன்.” பயந்தால் அத்திம்பேர் ஜோக் அடிப்பார்.

கால் கட்டைவிரலின் நக ஓரத்தில், அரிசி அளவில் ஒரு சதை முளை.

“இது?”

“ஷூ கடிச்சது. பத்து வருஷமா கடிக்கறது.”

“பத்து வருஷமா ஒரே ஷூவா?”

அத்திம்பேர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மூளையிலும் தோலிலும் சிறு கட்டிகள் வளரும் அபூர்வமான பரம்பரை நோய் அது. புற்றுநோய் அல்ல. தகப்பனாருக்கு விரலோடு நின்றது, பிள்ளைக்கு மூளை வரை போயிருக்கிறது. குணமாக்க முடியாது, வலிப்பை மருந்தால் குறைக்கலாம் என்றார் டாக்டர்.

வழியெல்லாம் எனக்கு ஒரே கவலைதான்… வீட்டில் அத்திம்பேர் இதைச் சொல்வாரா? சொல்லாவிட்டால் அக்காவை அந்தக் கிரகணம் ஆயுசுக்கும் விடாதே?

அக்காவின் மாமியார் வாசலிலேயே காத்திருந்தாள். “என்ன சொன்னார் டாக்டர்? கிரகணம்னுதானே?”

பெரியவர்கள் எதிரில் காலை நீட்டாத மனிதர் அத்திம்பேர். சாக்ஸை உருவி, தாயின் முன் காலை நீட்டினார்.

“இதாம்மா. எங்கிட்டேர்ந்து வந்திருக்கு. அவளை இனிமே ஒண்ணும் சொல்லாதே.”

மாமி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“காபி கலக்கட்டுமா?”

கல்யாணமான நாள் முதல் அக்காவுக்கு அவள் காபி கலந்ததே இல்லை. அந்த வீட்டை நினைத்தால் இன்றும் முதலில் வருவது அந்தக் காபியின் மணம்தான்.

மறுநாள் காலை, ராமுவுக்குக் கையில்லாத பனியனை மாட்டி, பக்கத்துச் சர்க்கிள் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். நல்ல வெயில்!