கள்ளக்கடல் நாளில் உவரி முதல் வட்டக்கோட்டை வரை

கடற்கரைக்கு நல்ல நாள் பார்த்துப் போங்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள். எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரருக்கு விமானம். சவூதியிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்தவர். அதில் பாதி கல்யாண வீடுகளில் போனது, மீதி ஆதார், வங்கி, வீட்டு வரி என்று அலைந்ததில் போனது. மகள் சபாவுக்கு நாலு வயது. அவள் என் வயிற்றில் இருக்கும்போது போனவர், கம்பெனி மாறி விடுப்பு தள்ளிப்போய், இப்போதுதான் முதல்முறையாக வந்திருக்கிறார்.

பிள்ளை அவரிடம் போகவே மாட்டேன் என்றுவிட்டாள். பொம்மை, சாக்லேட் எல்லாம் வாங்கிக்கொள்வாள், ஆளை மட்டும் வாங்க மாட்டாள். எங்கள் திருநெல்வேலி மேலப்பாளையத்தில் இது ஒரு வீட்டுக் கதையல்ல. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, "வாப்பா பாக்காவ, வாயத் தொற" என்று ஊட்டுவோம். உறங்கப் போகும்போது போன் கண்ணாடியில் முத்தம் கொடுக்கச் சொல்வோம். வாப்பா எங்கே என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வாசலைக் காட்டாது, போனைத்தான் காட்டும்.

"போறதுக்குள்ள ஒருக்கா அவளா என்கிட்ட வந்துட்டா போதும்" என்றார் இவர். "கடலக் கண்டா வந்துருவா. தெனம் போன்ல கடல் கடல்னுதான கேப்பா?" இந்தப் பயணம் அதற்காகத்தான். நான் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வாடகைக் கார், டிரைவர் பேட்டாவோடு சேர்த்து நாலாயிரம். ஓட்ட வந்தவர் அந்தோணி அண்ணாச்சி, கடற்கரைக்காரர். ஏறியதும் முதல் பேச்சே சரியில்லை.

"கள்ளக்கடல்னு ரேடியோவுல சொல்லுதான் பாய். இன்னைக்கே போவணுமா?"

"அடுத்த ஞாயிறு நான் இருக்க மாட்டேன் அண்ணாச்சி."

"அப்பச் சரி. பாத்துட்டு வருவோம். காலு மட்டும் நனைக்கக் கூடாது. காத்தும் இருக்காது, மழையும் இருக்காது, பைய வந்து ஆளத் தூக்கிட்டுப் போயிரும்."

நாங்குநேரி வழியாகத் திசையன்விளை. அங்கே கருப்பட்டி மிட்டாய் வாங்கினோம். இவர் நீட்டினார், பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதையே நான் வாங்கிக் கொடுத்தேன், தின்றாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உவரி, திருநெல்வேலியிலிருந்து சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். சிவன் கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது. சற்றுத் தள்ளி, கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில், உச்சியில் ஓர் ஆகாய விமானமும் உண்டு. பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மற்ற நாளில் குடும்பம் குடும்பமாகக் குளிக்கும் கரையில் அன்று கயிறு கட்டியிருந்தார்கள். வள்ளங்களை மேட்டில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். கோயிலுக்குக் கடல் மண் சுமப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் மட்டும் ஓலைப்பெட்டியோடு மேட்டுப் பக்கமே அள்ளிக்கொண்டிருந்தார்கள். கடல் பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தது. திடீரென்று ஒரு தண்ணீர் ஏறி, கயிற்றையும் தாண்டி வந்து திரும்பியது.

"உம்மா, காலு நனைக்கணும்" என்று சபா அழத் தொடங்கினாள். இவர் அவளைத் தூக்கிக் காட்டலாம் என்று குனிந்தார். அவ்வளவுதான், வீறிட்டாள். ஓலைப்பெட்டி சுமந்த அம்மா ஒருத்தி நின்று இவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "வாப்பாதான் அம்மா, வெளிநாட்டுல இருந்து வந்துருக்காவ" என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. பெற்ற தகப்பனுக்குச் சாட்சி சொல்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

அங்கிருந்து கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி, ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழியெல்லாம் காற்றாலையும் பனையும்தான். பாறைக்குப் படகு ஓடவில்லை. முக்கடல் கரையிலும் இறங்க விடவில்லை. ஊர்ப்பட்ட கூட்டம் பஜாரில் சங்கு, பாசிமாலை விலை கேட்டுக்கொண்டு சுற்றியது. நாங்கள் காரிலேயே புளிச்சோற்றைத் தின்றோம். கோபத்தில் இவரை ஒரு வார்த்தை சொல்லியும்விட்டேன்: "கடல நம்பி வந்தியளே, அதுவும் உங்கள மாதிரி தூரத்துலதான் நிக்குது." அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மூன்றரை மணிக்கு அண்ணாச்சி, "வட்டக்கோட்டைக்கு விடுதேன். அங்கன உசரத்துல நின்னு பாக்கலாம், பயமில்ல" என்றார். ஏழு கிலோமீட்டர்தான். கோட்டை மதில் மேல் வண்டி ஓட்டுகிற அளவுக்கு அகலம். ஒரு பக்கம் மலை, கீழே கடல். நாள் முழுக்கப் பார்த்ததிலேயே நல்ல இடம் இதுதான். ஆனால் இவர் முகம் செத்துப்போயிருந்தது. நான் பிள்ளையோடு நிழலில் உட்கார்ந்தேன். இவர் மதிலின் கோடிக்குப் போய், கடலைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றார்.

என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, இவரிடமிருந்து. கிறுக்கா பிடித்திருக்கிறது, கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு என்று நினைப்பதற்குள் சபா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"வாப்பா! நான் கடலுக்கு வந்துருக்கேன்! பாத்தியளா, எவ்ளோ பெருசு!" போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். தாவுகிறாள், சிரிக்கிறாள், ஒரு மாதமாக நான் பார்க்காத பிள்ளை. கண்ணாடியில் முத்தம் வைத்தாள். பிறகு எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"வாப்பா, எப்ப வருவிய?"

மதில் கோடியில் இவர் திரும்பவில்லை. போனில் குரல் மட்டும் வந்தது. "வந்துருதேன்மா. பெருநாளைக்கு வந்துருதேன்." எப்போதும் சொல்கிற பதில்தான். அந்தோணி அண்ணாச்சி எங்களைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். நான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிளம்புமுன் கடல் எச்சரிக்கை செய்தியைக் கேளுங்கள். கள்ளக்கடல் என்றால் வீம்பு பிடிக்காமல் நாளை மாற்றுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் உவரியை வெயிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள், அங்கே நிழல் குறைவு. கன்னியாகுமரியில் ஞாயிறு மதியம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஒரே இடம்தான் முடியும் என்றால் வட்டக்கோட்டை போங்கள், பொழுது சாயுமுன் போங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரோடு போகிறவர்கள் விடுப்பின் முதல் வாரமே போய்விடுங்கள், கடைசி ஞாயிற்றுக்கு வைக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை இவர் கிளம்பும்போது சபா என் பின்னால் நின்று கைகாட்டினாள், பக்கத்தில் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். போன் அடித்தது. பிள்ளை ஓடிப்போய் எடுத்தாள். வீடே அதிரக் கத்தினாள்:

"உம்மா! வாப்பா வந்துட்டாவ!"