ஒரு புகாருக்கு நாலு வேலை

குளிர்ப்பெட்டி சர்வீஸ் கம்பெனியில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் ஆபீஸ் போன் அடித்தாலே, எங்கேயோ எதுவோ உருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புகார் போன் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புகார் வந்தால் கம்ப்யூட்டரில் அதோடு சேர்த்து நாலு வேலை பதிய வேண்டும். ஸ்டோர் ஸ்பேர் எடுக்க, மெக்கானிக் கிளம்ப, அக்கவுண்ட்ஸ் பில் போட, கடைசியாக 'சரியாயிருச்சா' என்று கேட்க. பக்கத்து சீட் பர்வீன் நாலையும் கையால் தட்டுவாள். ஒன்று விட்டுப்போனால் மெக்கானிக் வெறுங்கையோடு போய்த் திட்டு வாங்குவார். அதனால் புகாரைப் பதிந்ததும் நாலும் தானாக உருவாகிற மாதிரி நான் செட் பண்ணினேன். முதலாளிக்கு நம்பிக்கையில்லை. முகூர்த்த சீசன் முடிவதற்குள் யாருடைய சரக்காவது கெட்டால் பழையபடி கைவேலைதான், நானும் பழையபடி ஸ்டோருக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு ஸ்டோர் தூசி ஆகவே ஆகாது.

குட்டிமேல் குட்டி

'புகார் பதிந்தால்' என்று வைக்க வேண்டிய இடத்தில் 'எது பதிந்தாலும்' என்று வைத்துத் தொலைத்தேன். நாலு வேலையும் தலைக்கு நாலு குட்டி போட்டன, குட்டிகளும் சும்மா இருக்கவில்லை. நல்லவேளை, முதலாளி வெளியூரில் இருந்தார். மெக்கானிக் பாண்டி நெய்க்காரப்பட்டிக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது. வேலை மெசேஜாக வந்து செல்போன் ஓயாமல் அலறியதும் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஒத்த ஃப்ரீசருக்கு இத்தன தடவ போனேன்னா, கடக்காரரு என்னயச் சம்பளத்துக்கே வச்சுக்குவாருங்க."

வெள்ளிக்கிழமை

வேலைக்கு நேரத்தையும் அதுவே குறிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். டவுனில் பிரியாணிக் கடை பாய்க்கு வெள்ளி மதியம் போட்டது. பாண்டி போனால் கடை சாத்தியிருக்கிறது, பாய் ஜும்மாவுக்குப் போய்விட்டார். சரி என்று வெள்ளிக்கிழமை வேலையையெல்லாம் பத்தரைக்கு நகர்த்தினேன். அது ராகுகாலம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. புது ஃப்ரீசர் வாங்கிய பேக்கரிக்காரர், பிளக்கில் கை வைக்கவே விடவில்லை. ரிப்பேருக்கும் அப்படித்தானா, நேரத்தை மாற்றி வைத்துவிடுகிறேன் என்று பவ்யமாகக் கேட்டேன்.

"ரிப்பேருக்கு எப்ப வேணாலும் வாங்க தம்பி, அதான் ஏற்கனவே கெட்ட நேரம் வந்துருச்சுல்ல."

அஞ்சாவது வேலை

எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு புகாருக்கும் பாண்டியைக் கூப்பிட்டு மெசேஜ் வந்ததா என்பார், ஸ்டோரைக் கூப்பிட்டு பாண்டி வந்தானா என்பார். பதில் சொல்லியே அவர்களுக்குப் பாதி நேரம் போனது. கை ஓய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பர்வீன் என் பக்கம் திரும்பினாள்.

"நாலு வேல தானா வருதுண்ணே, அஞ்சாவதா இவரும்ல வாராரு."

கடைசி முகூர்த்தம்

சீசனின் கடைசி முகூர்த்தத்தில் முதலாளி மகளுக்கே கல்யாணம். ஸ்டோர்க்காரரையும் பாண்டியையும் டியூட்டியில் விட்டுவிட்டு ஆபீசே மண்டபத்தில் இருந்தது. நான் ரசவாளியோடு பந்தியில் நின்றேன். வாளியை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். சேவுகம்பட்டி பூ வியாபாரியின் குளிர் அறை காலையிலேயே நின்றுபோய், எங்கள் மெஷினில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரைச் செல்போனில் ஸ்கேன் பண்ணி அவரே புகார் பதிந்திருக்கிறார். உள்ளே அன்று சாயங்கால ரிசப்ஷன்களுக்கான மல்லி மூட்டை மூட்டையாக இருக்கிறது. எனக்கு ஸ்டோர் தூசி மூக்கில் ஏறிவிட்டது.

முதலாளியிடம் மறைக்க முடியுமா? சொன்னேன். மனுஷன் மாலை போட்ட கழுத்தோடு, எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வியாபாரிக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். வியாபாரிக்கு எதற்கு மன்னிப்பு என்றே புரியவில்லை. பாண்டி எப்போதோ மோட்டாரோடு வந்து மாற்றிவிட்டுப் போய்விட்டாராம், ஒரு மொட்டுகூடக் கருகவில்லையாம்.

"ஒங்க ஆபீஸ்ல ஒருத்தரும் இல்லாத அன்னிக்குத்தாண்ணே வேல இம்புட்டு வெரசா நடக்குது."

நான் ஸ்டோருக்குப் போகவில்லை, முதலாளிதான் இப்போதெல்லாம் மதியத்துக்கு மேல் ஆபீசுக்கு வருகிறார், அதை செட் பண்ணியது மட்டும் நானில்லை.