பச்சை உடம்பும் ஒரு வீட்டு வண்டியும்

அமெரிக்காவில் சில வீடுகளின் வாசலில் இன்னொரு வீடு நிற்கும். எங்கள் எதிர்வீட்டு டாரத்தியின் வாசலிலும் ஒன்று நின்றது. நம் ஊர் டவுண் பஸ் நீளத்துக்கு, வெள்ளை நிறத்தில், பழுப்புப் பட்டை போட்ட மோட்டர்ஹோம். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், ஜன்னலுக்குத் திரை எல்லாம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாரத்தியும் அவள் கணவரும் சாயங்காலமானால் நாலு படுக்கையறை கொண்ட தங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, வாசலில் நிற்கும் அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்து டீவி பார்ப்பார்கள். வண்டி எங்கேயும் போகாது. படம் முடிந்ததும் இறங்கி வீட்டுக்குள் போய்விடுவார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த இரண்டாம் நாளே அம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏட்டி, இவுக ரெண்டு பேரும் யாருகிட்ட கோவிச்சுக்கிட்டு வெளிய வந்து உக்காந்திருக்காவ?" என்று கேட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போது எனக்கு எட்டாவது மாதம்.

தொண்ணூறுகளில் இங்கே வந்து சேர்ந்த எங்களைப் போன்ற கம்ப்யூட்டர்க்காரர் வீடுகளில், பிள்ளைப்பேறு என்றால் முதல் வேலை அம்மாவுக்கு டிக்கெட் எடுப்பது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அங்கே பெண் அம்மா வீட்டுக்குப் போவாள். இங்கே அம்மா பெண்ணிடம் வருவாள், ஆறு மாத விசாவோடும் இரண்டு பெட்டிகளோடும். என் அம்மாவின் ஒரு பெட்டி முழுக்கப் பிரசவ மருந்து. இன்னொன்றில் அப்பாவின் பழைய வேஷ்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். அவற்றை அவள் குழந்தைக்கென்று நாங்கள் ஒதுக்கியிருந்த சின்ன அறையில் அடுக்கிவைத்தாள். அங்கே நாங்கள் வாங்கிய குழந்தைக் கட்டில் ஏற்கனவே இருந்தது. ஒன்பதாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, குழந்தை அசைவதை நிறுத்தியது. மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரியில் அவனைப் பெற்றேன். நம்மில் சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை அல்லவா, அதனால் என் கணவரும் அவருடைய அலுவலக நண்பர் ஒருவருமாகப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். நானும் அம்மாவும் வரவேண்டாம் என்றார் இவர். ஊரிலும் பெண்கள் போவதில்லை என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அம்மா மருந்து டப்பாவைத் திறந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக இந்த மருந்து என்று கத்தினேன். "பிள்ள இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. பெத்த ஒடம்பு பெத்த ஒடம்புதான். பச்ச ஒடம்ப அப்படியே விட முடியுமா?" என்று உருண்டையை என் வாயில் வைத்தாள். பூண்டுக் குழம்பு, சுடுதண்ணீர், இடுப்பில் துணி, ஒன்றும் குறையவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஊரில் என்றால் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றிவிடும். இங்கே மல்லிகைக்கு எங்கே போவது? டாரத்திக்குப் போன் செய்து கேட்டேன். எதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை, அம்மாவுக்கு வேண்டும் என்றேன். ஒரு மணி நேரத்தில் அவள் ஜாஸ்மின் டீ பாக்கெட்டோடு வந்து நின்றாள். அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு அப்படியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாரத்தி என்னைப் பார்த்தாள், நனைந்திருந்த என் சட்டையைப் பார்த்தாள். மறுநாள் ஒரு முழு முட்டைக்கோஸைக் கொண்டுவந்து, இலையை எப்படி வைத்துக் கட்டுவது என்று அம்மாவுக்குச் சைகையில் காட்டிக்கொடுத்தாள். எல்லா ஊரிலும் இதற்கு ஏதோ ஓர் இலையோ பூவோ வைத்திருக்கிறார்கள்.

வண்டி யோசனையைச் சொன்னதும் டாரத்திதான். எங்காவது போய் வாருங்கள், எங்கள் வண்டியை இன்சூரன்ஸ் காரணமாகத் தர முடியாது, ஆனால் வாடகைக்குக் கொடுக்கிற இடம் தெரியும் என்றாள். இவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். இவர் திருநெல்வேலி டவுண்காரர். துக்கத்தோடு சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவர். குழாய் ஒழுகினாலும் மனசு ஒழுகினாலும் ஸ்குரூடிரைவரைத் தேடுகிற ஜாதி. ஓட்டலில் தங்கினால் எனக்குப் பத்தியச் சாப்பாடு கிடைக்காது, மோட்டர்ஹோம் என்றால் அத்தை உள்ளேயே சமைத்துவிடலாம், நான் படுத்துக்கொண்டே வரலாம், மூன்று வாரத்தில் யெல்லோஸ்டோன் காட்டுப் பூங்கா வரை போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போட்டார். எனக்குப் போகவேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அந்தச் சின்ன அறையின் கதவைத் தாண்டாமல் குளியலறைக்குப் போக முடியாது. அதற்காகவாவது போகலாம் என்று தோன்றியது.

பிரசவமாகி ஐந்தாவது வாரம் வண்டியைப் பார்க்கப் போனோம். இந்தக் கரையிலேயே, ஊருக்கு வெளியே ஒரு பெரிய மைதானத்தில் வரிசையாக நின்றன. அங்கே இருந்த பெண் ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று ஒவ்வொன்றாக இழுத்து விரித்துக் காட்டினாள். சாப்பாட்டு மேஜை கட்டிலானது. டிரைவர் தலைக்கு மேல் ஒரு கட்டில் முளைத்தது. அம்மா அடுப்பைத் திருகிப் பார்த்தாள். பிறகு நாலடி தள்ளி இருந்த கதவைத் திறந்து கக்கூஸைப் பார்த்தாள். "மூக்கப் பொத்திக்கிட்டுல்லா தோசை சுடணும்?" என்று மூக்கைப் பிடித்துக் காட்டினாள். வண்டி நாறுகிறது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண் ஓடிப்போய் வாசனை ஸ்பிரேயை எடுத்துவந்து அடித்தாள். எத்தனை பேர் என்று கேட்டபோது மூன்று என்றேன். இன்னும் வடியாத என் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, அடுத்த கோடைக்கு நாலு பேராக வருவீர்கள், தொட்டில் மாட்டவும் வசதி உண்டு என்றாள். நான் தேங்க்யூ என்றேன். எதற்கும் தேங்க்யூ சொல்லப் பழகியிருந்தேன். மறுநாள் மாலைக்குள் முடிவைச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அன்று மாலை இவர் மேஜையில் பெரிய வரைபடத்தை விரித்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள், வரைபடம் என்றால் ஆசை. "மாப்ள, இந்த நீலக் கோடெல்லாம் ஆறா?" என்று கேட்டாள். "ஆமா அத்தை. இது மிசிசிப்பி, கிளம்புன உடனே தாண்டிருவோம். அப்புறம் இது, இது..." என்று இவர் விரலால் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போனார். அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோனாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

எனக்கு ஏழாம் மாதம் பிறந்தபோது அம்மா ஊரிலிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். "ஏழு மாசத்துக்கு மேல பிள்ளத்தாச்சி ஆத்தத் தாண்டக் கூடாதுட்டீ. ஒங்க ஊர்ல ஆறு இருக்கா?" இருந்தது. எங்கள் வீடு மிசிசிப்பியின் கிழக்குக் கரையில், என் அலுவலகம் மேற்குக் கரையில். தினமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பாலத்தைத் தாண்டினேன். "அது எங்கேயோ தூரத்துல ஓடுதும்மா" என்றேன். படித்தவள், இதையெல்லாம் நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாளில், காருக்குள் யாரும் பேசாமல் இருந்ததைத் தாங்க முடியாமல் இவர், "அத்தை, அதான் இவ ஆபீஸ்" என்று அக்கரைக் கட்டடத்தைக் காட்டினார். அம்மா திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தாள். பாலத்துக்குக் கீழே ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து ஐந்து வாரமாக அவள் சொல்லாத அந்த வார்த்தைக்காகப் பயந்து பயந்து மருந்து உருண்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வரைபடம் பார்த்த மறுநாள் காலை அடுப்படியில் அம்மா, "அந்த வண்டி வேண்டாம். மாப்ளகிட்ட சொல்லிரு" என்றாள். அவ்வளவுதான், எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. "ஆத்தைத் தாண்டணும்னுதானே வேண்டாங்க? நான் தினமும் பாலத்தைத் தாண்டி ஆபீசுக்குப் போனேன். உன்கிட்ட பொய் சொன்னேன். அதனாலதான் பிள்ளை செத்துதுன்னு நினைக்க. வாயைத் திறந்து சொல்லிரேன்!" என்று கத்தினேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆத்துக்கும் இதுக்கும் என்னட்டி இருக்கு?" என்றாள். பிறகு பைய, பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். "ஒனக்கு முன்ன எனக்கு ஒண்ணு பொறந்து செத்துது. பொட்டப்பிள்ள. அதுக்கு நான் ஆத்தத் தாண்டல, தெருவத் தாண்டல. சொன்னது அம்புட்டும் கேட்டேன். அதுதான் போயிட்டு. நீ வயித்துல இருக்கும்போது வேலைக்குச் சேந்துட்டேன். ஒம்பது மாசம் வரைக்கும் தெனம் கடனாநதிப் பாலத்தத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். நீ குத்துக்கல்லாட்டம் வந்து பொறந்த."

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதை முப்பது வயதில், அமெரிக்காவில், ஒரு எலக்ட்ரிக் அடுப்பின் முன்னால் நின்று தெரிந்துகொண்டேன். "பின்ன ஏன் போன்ல என்கிட்ட அப்படிச் சொன்ன?" என்றேன். "பயந்தான். வேற என்ன" என்றாள்.

"வண்டி ஏன் வேண்டாங்கேன் தெரியுமா? அது போயி மூணாவது வாரம் உங்கப்பா பிளஷர் கார் பிடிச்சு என்னக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ, மனசு மாறட்டும்னு. நல்ல சாரல். எல்லாரும் அருவியில குளிச்சாவ. பச்ச ஒடம்புன்னு என்ன மட்டும் ரூமுல உக்கார வச்சுட்டாவ. மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தா தொட்டிலக் காணும். நான் தச்சு வச்ச சட்டையக் காணும். ஒங்க அத்தைமாரு எல்லாத்தையும் ஒழிச்சு யாருக்கோ குடுத்துட்டாவ. வச்சு அழக்கூட ஒரு துணி இல்ல. பெறகு அதப்பத்தி ஒருத்தரும் பேசல. பிள்ளய எங்கன பொதச்சீகன்னு உங்கப்பாகிட்ட கேட்டேன். ஆத்தங்கரையிலன்னாவ. ஆத்தங்கரை எம்புட்டு நீளத்துக்குக் கெடக்கு!" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "மாப்ளயும் அதத்தான் செய்யப் போறாவ. நாம போயிட்டு வாரதுக்குள்ள அந்த ரூமை ஒழிச்சு வைக்க அவுக சிநேகிதர்கிட்ட சொல்லியிருக்காவ. எங்கிட்ட சொன்னாவ. நல்ல மனசுலதான். உங்கப்பாவுக்கும் நல்ல மனசுதான்."

இவர் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "அவ தெனம் அந்தக் கதவைப் பாத்துட்டு நிக்கா அத்தை. அதை என்னால பாக்க முடியல" என்றவர், சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். குழந்தையைத் தனியாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த மனிதர் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. நாங்களும் அவரைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வாடகைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தார். வண்டி வேண்டாம் என்றதும் அவள், சின்னதாகத் தெரிந்ததா, இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது என்றாளாம்.

"மாப்ள, எடத்தக் காட்டுங்க" என்றாள் அம்மா. எங்கள் சின்னக் காரில் மூவரும் கிளம்பினோம். இடம் அக்கரையில் இருந்தது. எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டு, தலையில் துணியைச் சுற்றிவிட்டு, பச்சை உடம்போடு என்னை ஆற்றைத் தாண்ட வைத்தவள் அம்மாதான். கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை உண்டு. இவர் சட்டைப் பையிலிருந்து எண் எழுதிய காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றார். கையகலக் கல். அதைச் சுற்றிப் புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் பதித்தாள். "இங்கனதான் இருக்கியா" என்று கேட்டாள். பிறகு நம் ஊர் சாவு வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். அந்த அமைதியான ஊரில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது. அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அப்படித்தான் அழுதேன்.

அந்த அறையைப் பிறகு நாங்கள்தான், எங்களுக்குத் தோன்றிய நாளில், மூன்று பேருமாக ஒழித்தோம். விசா முடிந்து அம்மா ஊருக்குப் போனாள். அவள் கடிதங்களில் மழை, அறுவடை, அப்பாவின் இருமல் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் "அங்கன போயிட்டு வந்தியா" என்று கேட்பாள். போய்வந்தேன் என்று எழுதுவேன். புல் நன்றாகப் பிடித்துவிட்டது, பனிக்காலத்தில் கல் மூடிப்போகும், நானே பனியைக் கையால் தள்ளிவிட்டு எண்ணைப் பார்ப்பேன் என்றும் எழுதுவேன்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனேன். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, மாறி ஏறிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ தடவை வந்த பாதை. பஸ் கடனாநதிப் பாலத்தில் ஏறியது. கீழே ஒரு ஓரமாகத் தண்ணீர், மற்றதெல்லாம் மணலும் நாணலும், இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம், அப்பா சொன்ன அந்த ஆற்றங்கரை. ஜன்னல் வழியாக ஒரு பக்கக் கரைதான் தெரிந்தது. மறுபக்கத்தையும் பார்ப்பதற்காக எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"எக்கா, நீங்க எறங்குத எடம் இன்னும் வரல. உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

பாலம் முடிகிற வரை நான் நின்றுகொண்டேதான் வந்தேன்.