எல்லா நாளும் ஆறரை

சாயப்பட்டறையை இழுத்து மூடிய அன்று, அங்கே லேபில் வேலை பார்த்த லேப் அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தது இரண்டே பொருள்: டிபன் பாக்ஸ், தண்ணீர் சோதிக்கும் மீட்டர். மீட்டரை முதலாளி கொடுத்தாரா, அவளே பைக்குள் போட்டுக்கொண்டாளா என்று யாரும் கேட்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவள் அவள்தான். தொட்டித் தண்ணீர் புளிப்பா காரமா என்று சொல்லும் எண்ணுக்கு பிஎச் என்று பேர். ஏழு என்றால் நடுநிலை. இறங்கினால் புளிப்பு, ஏறினால் காரம். அது கொஞ்சம் பிசகினாலும் சிவப்புத் துணி செங்கல் நிறத்தில் வந்து நிற்கும், அப்புறம் மேஸ்திரி வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. அக்கா இருந்தவரை அப்படி ஒரு துணி வெளியே போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கல்தான். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமை.

வேலை போன பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. டீ, மோர், சோப்புத் தண்ணீர் என்று கண்ணில் பட்டதில் எல்லாம் மீட்டரை விட்டுப் பார்த்தாள். பஸ் ஓட்டும் அவள் புருஷன், “நான் வாயத் தொறந்துட்டுத் தூங்கறதில்லப்பா, பயமா இருக்கு” என்று தன் டிப்போவில் சொல்லிச் சிரிப்பான்.

அப்போதுதான் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மொட்டைமாடியில் பன்னிரண்டு மரப்பெட்டிகள். அதில் பள்ளிச் சமையலறைக்குக் காய்கறி விளைவிக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள். விளைந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாடியில் தகரக் கொட்டகை போட்டு உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவிடுவார்கள். அக்காவுக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவு ஆசையாக வேண்டும். சம்பளம் ஒரு பக்கம். காலையில் யாராவது ஒருவர் “அக்கா, இதைக் கொஞ்சம் வந்து பாருங்க” என்று கூப்பிட வேண்டும். எட்டு மாதமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

ஆரம்பம் அமர்க்களம். இலைமக்கு, சாணம், சமையலறைக் கழிவில் செய்த உரம் எல்லாம் போட்டு மண்ணைப் பிசைந்து பெட்டிகளை நிரப்பினாள். தக்காளியும் கத்தரியும் மளமளவென்று கிளம்பின. அதோடு நின்றிருக்கலாம். கை சும்மா இருக்குமா? குழாய்த் தண்ணீரில் மீட்டரை விட்டாள். எட்டு புள்ளி ஒன்று!

“இந்தத் தண்ணியையா இத்தன நாளா ஊத்தினேன்?” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். செடிக்கு ஆறரைதான் சரி என்று எங்கோ படித்திருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாளிக்கும் வினிகர் அளந்து விட்டு, ஆறரை வந்த பிறகே ஊற்றினாள். மறுநாள் மண்ணைக் கரைத்துப் பார்த்தால் எண் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் வினிகர். அடுத்த நாள் ரொம்ப இறங்கிப்போனது. ஒரு கைப்பிடி சாம்பல். இப்படி ஒருநாள் புளிப்பு, ஒருநாள் காரம் என்று செடிகளைப் போட்டு வதைத்தாள். இலைகள் மஞ்சளாகின, பூக்கள் கொட்டின, பிடித்திருந்த காய்களும் அப்படியே நின்றுபோயின.

பள்ளிச் சமையல்காரம்மா மாடிக்கு வந்து மூக்கைச் சுளித்தாள். “அக்கா, செடி வளக்கறீங்களா, ஊறுகாய் போடறீங்களா?”

“உங்க அடுப்ப நீங்க பாருங்க” என்றாள் அக்கா. சொன்ன வேகத்துக்கு உள்ளே தைரியம் இல்லை.

தலைமை ஆசிரியை பார்வையிட இன்னும் இரண்டு வாரம் கூட இல்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கைக்கு முட்டியில் ஆபரேஷன். பக்கத்து ஊர்தான், ஆனால் பத்து நாள் கூடவே இருக்க வேண்டும். மாடிச் சாவி, மீட்டர், வினிகர் பாட்டில், ஒரு நோட்டு எல்லாவற்றையும் புருஷன் கையில் கொடுத்து, மூன்று தடவை பாடம் நடத்தினாள். காலையும் மாலையும் எண்ணைக் குறிக்க வேண்டும். பாட்டிலில் வினிகர் நின்ற இடத்தில் பேனாவால் கோடும் போட்டாள். அளவு விஷயத்தில் கட்டிய புருஷனையும் நம்பாத பிறவி.

பதினோராம் நாள், சனிக்கிழமை காலை, பையைக்கூட வீட்டில் வைக்காமல் பள்ளிக்கு வந்தாள். திங்கட்கிழமை பார்வையிடல். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

பச்சை. அப்படி ஒரு பச்சை. தளிர் விட்டு, பூ நின்று, முன்பு நின்றுபோயிருந்த தக்காளிக் காய்கள் கொத்துக் கொத்தாகப் பெருத்துச் சிவக்கத் தொடங்கியிருந்தன. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நோட்டைப் புரட்டினாள். காலை ஆறரை, மாலை ஆறரை, மறுநாளும் ஆறரை, எல்லா நாளும் ஆறரை.

“பாத்தீங்களா! என் அளவு தப்புமா?” என்று நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பின்னாலேயே ஏறி வந்த புருஷன் வானத்தைப் பார்த்தான்.

கடைசி வரியில் அவள் கண் நின்றது. இன்று மாலை: ஆறரை. அப்போது காலை மணி ஒன்பது.

பாட்டிலை எடுத்தாள். வினிகர் பேனாக்கோட்டிலேயே நின்றிருந்தது. குட்டு உடைந்துவிட்டது.

“என்னங்க இது?”

“மொத நாள் மூடியத் தொறந்தேன், பதினாலு தும்மல். வண்டி எடுக்க நேரமாச்சு. வெறும் தண்ணிய ஊத்திட்டு ஓடிட்டேன். மறுநாள் வந்து பாத்தா ஒண்ணும் சாகல. சரி, இப்படியே போகட்டும்னு...” அசடு வழிந்தது. “காலைல குழாய்ல நூல் மாதிரி வருது. அதனால முந்தின சாயங்காலமே வாளில பிடிச்சு வெச்சுருவேன். அதான் நான் செஞ்ச ஒரே வேலை.”

“அப்போ இந்த ஆறரை?”

“நீ சந்தோஷப்படுவியேன்னு எழுதினேன்.”

இருபத்திரண்டு வருஷத்துப் பெருமைக்குச் சுருக்கென்றது. வாளியில் மீட்டரை விட்டாள். எட்டு புள்ளி ஒன்று. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் கரைத்துப் பார்த்தாள். ஆறு புள்ளி ஏழு. நம்பாமல் பன்னிரண்டு பெட்டிகளிலும் பார்த்தாள். எல்லாம் ஆறரையை ஒட்டியே இருந்தன. அவள் மல்லுக்கட்டியும் பிடிக்க முடியாத எண்ணை, மக்கிய உரமும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுமாகச் சேர்ந்து தாங்களே பிடித்து வைத்திருந்தன. கிளறிய இடத்தில் ஒரு மண்புழு நெளிந்தது. வினிகர் ஊற்றிய நாட்களில் ஒன்றைக்கூடப் பார்த்த நினைவில்லை.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் ‘இன்று மாலை ஆறரை’ நினைவுக்கு வர, பெட்டி விளிம்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். புருஷனும் உயிர் பிழைத்த நிம்மதியில் சேர்ந்து சிரித்தான்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துவிட்டு நோட்டைக் கையில் எடுத்தார். “எல்லா நாளும் ஒரே எண். எப்படி இவ்வளவு துல்லியமா வெச்சிருக்கீங்க?”

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், வேலை கையில். அக்காவின் தலை ஆடவே இல்லை. பொய் அளவுக்கு அவள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

“அது எங்க வீட்டுக்காரர் கற்பனை, மேடம். நான் பக்குவம் பண்ணினப்போ செடி வாடிச்சு. அவர் ஒண்ணும் பண்ணாம விட்டார், தழைச்சுது. நல்ல மண்ணா இருந்தா தண்ணி முன்னப்பின்ன இருந்தாலும் அதுவே சரிக்கட்டிக்குது.”

“அப்போ உங்களுக்கு என்ன வேலை?”

“மாசம் ஒருதரம் மண்ண அளப்பேன். இந்தக் குழாய்த்தண்ணிய வருஷக்கணக்கா ஊத்தினா எண்ணு மெதுவா ஏறும், அப்போ இலைமக்கு சேக்கணும். மத்த நாள்ல கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும், மேடம். எனக்கு அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை.”

தலைமை ஆசிரியை சிரித்தேவிட்டார். “சும்மா இருக்கத் தெரிஞ்ச ஒருத்தர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரொம்ப நாளா தேவைப்படறாங்க. நாளைலேருந்து நிரந்தரமா வந்துடுங்க.”

நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாடியின் மறுகோடிப் பெட்டியிலிருந்து சமையல்காரம்மாவின் சத்தம்.

“அக்கா! இந்தத் தக்காளியக் கொஞ்சம் வந்து பாருங்களேன், இத இன்னிக்கே பறிக்கலாமா?”

“இதோ வரேன்!” என்று அக்கா ஓடினாள். மீட்டர் வாளிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.