இரண்டாவது பூட்டு

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடக்கிறார் கொர்னேலியஸ். பாதை வளையும் இடம் வரை போனவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். மூன்றாம் முறை இழுக்கும்போது கண்களை மூடிக்கொள்கிறார். கீழ் கோத்தகிரிச் சரிவிலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் உரமும் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வைக்கும் அறைக்கு மருந்து ஸ்டோர் என்று பெயர். அதன் பொறுப்பாளர் அவர். திருட்டுக்குப் பயந்துதான் இப்படிச் செய்கிறார் என்பது தோட்டத்தாரின் முடிவு. கொழுந்து பறிக்கும் ஆயம்மாள் மட்டும் கேலி செய்யாமல் விடமாட்டாள்: "ஸ்டோர் ஐயா, அந்தப் பூட்டுக்கு வாயிருந்தா அழுதிரும். பாவம், விடுங்க அத."

ஐம்பதைக் கடந்தவர். கஞ்சி போட்ட சட்டையின் கை மடிப்பு மணிக்கட்டைத் தாண்டி ஒருநாளும் ஏறாது. மருந்து அளந்து கொடுத்தபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், முகர்ந்து பார்ப்பார், திரும்பக் கழுவுவார். ஸ்டோர்ச் சாவி இடுப்புக் கயிற்றில் தொங்கும். பேசும்போது அதைப் பிடித்துக்கொண்டேதான் பேசுவார். இதை எழுதும்போது தன் பெயரை மாற்றி எழுதச் சொன்னவர் அவரே. கொர்னேலியஸ் என்ற பெயரைத் தேர்ந்து கொடுத்தவரும் அவரே. தோட்டத்தின் பெயர் எங்கும் வரக் கூடாது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

தேயிலை விலை சரிந்தபிறகு ஃபேக்டரி வாரத்தில் சில நாட்களே ஓடுகிறது. புகைபோக்கியில் புகை எழாத காலைகளில் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. அலுவலர்கள் ஒவ்வொருவராக நிறுத்தப்பட்டார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். பூட்டிக் கிடக்கும் அந்த வீடுகளின் வாசற்படியில் இப்போது பெரணி முளைத்திருக்கிறது. அவற்றைக் கடக்கும்போது கொர்னேலியஸ் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே நடப்பார். சென்ற மழைக்காலத்தில் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு குறைந்தது. பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஆஷ்லி, கோயம்புத்தூர் மனநல ஆலோசகர் இந்துமதியிடம் புதன்கிழமைதோறும் வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தாள். திருச்சபையோ, ஆன்லைனில் ஜெப ஆலோசனை தரும் லூயிஸ் என்ற முதியவரிடம் வெள்ளிக்கிழமைக்குச் சேர்த்துவிட்டது.

இரண்டுக்கும் இடம் ஒன்றுதான். ஆறாம் நம்பர் மலை என்று எண்ணிட்ட தேயிலைப் பகுதிக்கு மேலிருக்கும் டவர் பாறையைத் தவிர வேறெங்கும் சிக்னல் நிற்காது. பாறையில் ஒருவர் போனில் பேசினால், கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்களுக்குள் சத்தமாகப் பேசத் தொடங்குவார்கள். காதில் விழாமலிருக்கச் செய்யும் மரியாதை அது. அந்த இரைச்சலுக்குள் கொர்னேலியஸ் தாழ்ந்த குரலில் பேசுவார். இரண்டு அழைப்புகளும் ஒன்றோடொன்று கலந்துபோவதுண்டு. இந்துமதி மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தால் கடைசி மூச்சை விட்டுவிட்டு "ஆமென்" என்பார். அந்தச் சொல் வரும்வரை காத்திருக்க அவளும் பழகிக்கொண்டாள். லூயிஸ் நலம் விசாரித்தால், இந்துமதிக்குச் சொல்வதுபோலவே, "பத்துக்கு நாலுங்க ஐயா" என்று மனநிலைக்கு மதிப்பெண் சொல்வார்.

அழைப்பின் தொடக்கத்தில் இந்துமதியிடம் ஒரே கேள்விதான்: "இதெல்லாம் ஆபீஸுக்குப் போகாதுங்களே?" போகாது என்பாள் அவள், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் வீட்டாரிடம் சொல்ல நேரும் என்பாள். அந்த 'மட்டும்' என்ற சொல்தான் அவர் நெஞ்சில் தங்கியது.

ஒரு ஞாயிறு ஆராதனையில் ஜெபக் குறிப்புகளை வாசித்தபோது, "சகோதரர் கொர்னேலியஸின் மனச் சமாதானத்துக்காக" என்ற வரியும் வந்தது. எழுதிக் கொடுத்தவர் அவர் மனைவி ஜெஸிந்தா. நோயாளியின் பெயரைச் சபையில் சொல்லாமல் எப்படி ஜெபிப்பது என்பது அவர் எண்ணம். முன்வரிசையில் எஸ்டேட்டின் ஹெட் கிளார்க் உட்கார்ந்திருந்ததை அவர் யோசிக்கவில்லை. மறுநாள் ஹெட் கிளார்க் ஸ்டோர்ப் பக்கம் வந்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். பிரஷர் என்றார் கொர்னேலியஸ். ஹெட் கிளார்க்கின் பார்வை ஒரு கணம் சாவிக் கயிற்றின்மேல் நின்றுவிட்டு நகர்ந்தது.

மனம் சரியில்லாதவன் கையில் மருந்து ஸ்டோரை விடமாட்டார்கள். சாவி போனால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். ஆகவே, அவருக்கு எட்டும் இடத்தில் ஆபத்தானது ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் புதன்கிழமை இந்துமதி கேட்டபோது, இல்லை என்றார். சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு சொன்னார். கீழே பெண்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வேறு மலைக்குப் போயிருந்தார்கள். பனிமூட்டத்தில் பாறையைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. கைகளை விரித்து ஏந்தி ஜெபிக்கச் சொன்னார் லூயிஸ். ஒரு கை விரிந்தது. மற்றது மூடியே இருந்தது.

"கையில என்ன வெச்சிருக்கீங்க, தம்பி?"

"சாவிங்க ஐயா."

"எதோட சாவி?"

மூடிய கையை மடியில் இறக்கிக்கொண்டார். பிறகு கொர்னேலியஸ் சொன்னார்: "மருந்து ஸ்டோருதுங்க. பூட்டீட்டு வந்தாலும் கை அந்த மருந்துக்கே போவுதுங்க. நான் வெளியதான் நிக்கறேனான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறேன்."

லூயிஸ் ஜெபத்தைத் தொடரவில்லை. "கோயம்புத்தூர் அம்மாகிட்ட இதச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை என்று தெரிந்ததும், "மொதல்ல ஊட்டுல சொல்லுங்க, அப்பறம் அவங்களக் கூப்பிடுங்க. நான் இங்க ஜெபத்துலதான் இருப்பேன், எங்கயும் போகமாட்டேன்" என்றார்.

அன்று மாலையே ஜெஸிந்தா பாறைக்கு வந்தார். கணவர் சொல்லச் சொல்ல, போனில் இந்துமதி கேட்கக் கேட்க, அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். வழியைக் கண்டுபிடித்தவரும் அவரே: ஸ்டோருக்கு இன்னொரு பூட்டு. கொழுந்து விலை இறங்கிய காலத்தில் திருட்டு கூடுகிறது என்று எழுதிக் கொடுத்து ஆபீஸில் அனுமதி வாங்கினார்கள். ஜெஸிந்தா வேலை பார்ப்பது ஸ்டோரை அடுத்த பிள்ளைக் காம்பராவில். தாய்மார்கள் குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகும் இடம் அது. அதனால் இரண்டாவது சாவி அவரிடம் இருப்பது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இப்போது அவர் வந்தால்தான் ஸ்டோர் திறக்கும். இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலில் நின்று, கணவர் அளந்து முடிக்கும்வரை அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "புருசன நம்பாத பொம்பளயப் பாருங்கடி" என்பாள் ஆயம்மாள். சொல்லிவிட்டு, அவளும் தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொள்வாள்.

சென்ற வாரம் நோட்டீஸ் ஒட்டினார்கள்: சனிக்கிழமை முதல் வேலை இல்லை; திறக்கும் நாள் பின்னர் அறிவிக்கப்படும். வெள்ளி மாலை இருவரும் ஸ்டோரைப் பூட்டினார்கள். ஜெஸிந்தா தன் சாவியை இடுப்பில் செருகினார். கொர்னேலியஸ் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துத் தன் சாவியையும் அவர் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"தொறக்கற அன்னைக்கி வாங்கிக்கறேன்."

பூட்டைத் தொடாமல் நடந்தார். வளைவு வந்ததும் கால் நின்றது, கை இடுப்புக்குப் போனது. வெறும் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.