காபிக்கடையில் பூட்டிக்கிடந்த பாடப்புத்தகங்கள்

பத்தாம் வகுப்புப் பௌதிகப் புத்தகத்தைத் திறந்தாலே வறுத்த காபிக்கொட்டை வாசனை குப்பென்று அடிக்கும். அட்டையைத் தட்டினால் பழுப்பாகத் தூள் உதிரும். "உங்க இஸ்கூல்ல பாடம் நடத்துறாங்களா, காபி போடுறாங்களா?" என்று என் வகுப்புத் தோழி மித்துவின் அம்மா கேட்பாராம். லேக் மார்க்கெட்டில், அண்ணாச்சியின் காபித்தூள் கடையில், அரைக்கும் மிஷினுக்குப் பின்னால் இருந்த மர அலமாரியில் எங்கள் அரசுப் பள்ளியின் புத்தகங்கள் அடுக்கியிருந்ததால் வந்த வாசனை அது.

பள்ளிக்கூடத்துப் புத்தகத்துக்குக் கடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மழைக்கு மழை பள்ளியின் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இருந்த ஒரே அலமாரியையும் கரையான் தின்றுவிட்டது. புத்தகம் வாங்க வழியில்லாத பெண்கள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியை, வங்காளியில் பெரியக்கா என்கிற அர்த்தத்தில் "பொர்தி" என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், ஒருநாள் குடையும் கையுமாகக் கடைத்தெருவில் இறங்கி, காபிக்கடை, நோட்டுக்கடை, தையற்கடை என்று கடைகடையாக ஏறிக் கேட்டார். மூன்று கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு முழு செட் வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி கடை மேட்டில் இருந்ததால் புத்தகங்கள் அங்கே தங்கின. பள்ளி விட்டதும் பெண்கள் போய்ச் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து படிக்கலாம், முறைபோட்டு வீட்டுக்கும் கொண்டுபோகலாம். இதற்கு விழா கிடையாது, பேனர் கிடையாது, யாரும் படம் பிடிக்கவுமில்லை.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். நாங்களும் தூத்துக்குடியிலிருந்து, அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க இலாகா வேலை என்று வங்காளத்துக்கு மாற்றலாகி வந்தவர்கள். ஆகவே அந்தக் கடையில் நான் கொஞ்சம் அதிகாரமாகவே நடமாடுவேன். "ஏட்டி செம்பகம், மூட்டை மேல ஏறி மிதிக்காத. இந்தப் பிள்ளையளுக்கு முன்னால நம்ம மானத்தல்லா வாங்குத!" என்று அண்ணாச்சி அதட்டுவார். எனக்குச் சொந்தமாகவே எல்லாப் புத்தகங்களும் இருந்தன. மித்து போகிறாளே என்று நானும் போவேன். மித்து டாக்குரியா ரயில் பாதையோரத்துப் பெண். அவள் அம்மா நாலு வீட்டில் சமையல் செய்தார். நர்ஸ் ஆகவேண்டும் என்பது மித்துவின் ஒரே பேச்சு. அதற்கு முதலில் பொதுத்தேர்வு எழுதவேண்டும், பொதுத்தேர்வு எழுதப் பள்ளியில் வைக்கும் "டெஸ்ட்" தேறவேண்டும். அந்த டெஸ்ட், "பூஜோ" என்று இங்கே சொல்கிற துர்கா பூஜை விடுமுறை முடிந்த கையோடு வரும். அதனால் அந்த ஒரு மாத விடுமுறைக்கும் முழு செட்டையும் மித்துவே வைத்துக்கொள்ளட்டும் என்று அண்ணாச்சி கட்டிக் கொடுத்துவிட்டார்.

அதைக் கெடுத்தவள் நான்தான்.

ஊரெல்லாம் துர்கா பூஜை ஒன்பதாம் நாள் கொண்டாட்டத்தில் இருந்தபோது, அண்ணாச்சி கடையில் ஆயுத பூஜை. தராசுக்கும் படிக்கல்லுக்கும் மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். என் புத்தகங்கள் எங்கள் வீட்டுப் பூஜையில் ஏறிவிட்டன. மித்துவின் புத்தகங்கள் மட்டும் சும்மா கிடக்கின்றனவே, அவளுக்கும் சரஸ்வதி கடாட்சம் வேண்டாமா என்று எனக்கு ஒரு பரபரப்பு. டாக்குரியாவுக்கு ஓடினேன். கூட்டல் கணக்குப் போடுகிற பிள்ளையிடம் பேசுவதுபோல அவளுக்கு எடுத்துச் சொன்னேன். மித்து சிரித்தாள். "சொரொஸ்வதி இப்போ அவ அம்மா துர்கா கூட ஊருக்கு வந்திருக்கா. அவளுக்கும் லீவுதான். அவ கிட்ட போய் எதுக்குப் புஸ்தகத்த குடுக்குற?" என்றாள் வங்காளியில். "ஒரே நாள்தான். நாளைக்குக் காலையில நானே கொண்டுவந்து தர்றேன்" என்று நானும் வங்காளியில் சத்தியம் செய்து, மூட்டையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் தெருமுனைவரை கூடவே வந்தாள். அண்ணாச்சி அதை வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் பூஜையில் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. குளித்து, கடைக்குப் போனால் பெரிய பூட்டு தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம் தந்தி வந்ததாம், ஊரில் அண்ணாச்சியின் தம்பி இறந்துபோனாராம். பூஜையில் வைத்தது வைத்தபடி இருக்க, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ரயிலேறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் வருவார் என்றார்கள். பூட்டை உடைக்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "துட்டிக்குப் போன மனுசன் கடைய ஒடைக்கதா? அதும் பூச போட்ட கடைய? வாய மூடிட்டு இரி" என்றார். பொர்தியும் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். அந்தக் கடைக்கு எதிரே மித்து தினமும் வந்து நின்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வயதுக்குப்பின் மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னிடம் ஒரு முழு செட் இருந்தது. சரித்திரமும் பூகோளமும் மித்துவிடம் கொடுத்தேன். கணக்கையும் பௌதிகத்தையும் கொடுக்கவில்லை. எனக்கும் டெஸ்ட் இருந்ததே! சேர்ந்து உட்கார்ந்து படித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போதும் தோன்றியிருக்கும், நான்தான் பேசாமல் இருந்துவிட்டேன்.

தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்குப் பிறகு, மொட்டையடித்த தலையோடு அண்ணாச்சி வந்து கதவைத் திறந்தார். காய்ந்த பூவுக்கடியில் புத்தகங்கள் அப்படியே இருந்தன. விஷயம் தெரிந்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாமிக்குன்னுல்லா வச்சேன். இப்படி ஒரு பிள்ளை பொழப்புல மண்ணப் போடவா வச்சேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டெஸ்டுக்கு நாலு நாள் இருந்தது. நான் தேறினேன். மித்து கணக்கிலும் பௌதிகத்திலும் போய்விட்டாள். அடுத்த ஆண்டு மறுபடி வா என்று பொர்தி வீடு தேடிப்போய்க் கெஞ்சினார். அதற்குள் அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கப் போயாயிற்று. அடுத்த ஆயுத பூஜைக்குத் தராசும் மிஷினும் பூஜையில் இருந்தன. புத்தக அலமாரியைத் திறந்துவைத்து, அதன் பக்கமே போகாமல் அண்ணாச்சி கற்பூரம் காட்டினார்.

இன்று அந்த இடத்தில் செல்போன் ஷோரூம். காபி வாசனை போய் எத்தனையோ காலம் ஆகிறது. அண்ணாச்சி இல்லை, தையற்கடையும் நோட்டுக்கடையும் இல்லை. அதே பள்ளியில் என்னைத்தான் இப்போது "பொர்தி" என்கிறார்கள். வருகிற வருஷம் ஓய்வு. உண்மையில் களைத்துத்தான் போய்விட்டேன். ஷோரூம்காரர்கள் சென்ற ஜூலையில் எங்கள் பெண்களுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. பேனர் கட்டினோம், வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். விடுமுறை நாட்களில் அலமாரியில் வைத்துப் பூட்டவேண்டும், சாவி தலைமையாசிரியையிடம் இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

பூஜோ விடுமுறைக்கு முந்தின நாள் பத்தாம் வகுப்பு டும்பா வந்தாள். வீட்டில் போன் கிடையாது, புத்தகத்தில் பாதி இல்லை, டேப்லெட்டைக் கொண்டுபோகலாமா என்றாள். "ரூல் இல்லம்மா" என்றேன். அவள் சரியென்று திரும்பி நடந்தாள். சாவி என் கைப்பையில் இருந்தது, பூட்டு எனக்கு நேர் எதிரே தொங்கியது. நாற்காலியைப் பிடித்து எழுந்து, அவளைக் கூப்பிட்டு, திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

"எப்போ திருப்பித் தரணும், பொர்தி?"

"டெஸ்ட் முடிஞ்சு தா. நடுவுல யார் வந்து கேட்டாலும் குடுக்காதே," என்றேன். "நானே வந்து கேட்டாலும்."